வடசேரி வாசலும் காயல் தூணும்

நீல ஓடு பார்க்க ஆசைப்படுகிறவர் நாகர்கோவில் வடசேரிக்கு வர வேண்டியதில்லை. அதற்கு இஸ்பஹான் இருக்கிறது, சமர்கந்து இருக்கிறது, லாகூரின் வசீர் கான் பள்ளிவாசல் இருக்கிறது. அவ்வளவு தூரம் கட்டுப்படியாகாது என்றால் பீதருக்குப் போகலாம். 1472இல் மகமூது கவான் கட்டிய மதரசாவின் முகப்பில் பழைய ஓடுகள் கொஞ்சம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வடசேரியில் இருப்பவை வேறு: கிறிஸ்டோபர் பேருந்து நிலையம், கனகமூலம் சந்தை, கைத்தறி, கோயில் நகைப் பட்டறைகள், பொழுது புலரும் முன்பே தண்ணீர் தெளித்துக் கோலம் விழுந்துவிடும் வாசல்கள்.

இஸ்லாமியக் கட்டடங்களின் நட்சத்திரப் பின்னல்களைப் படங்களில் நிறையப் பார்த்திருக்கிறேன். படம் முடிந்த வேலையைத்தான் காட்டும். முதல் கோடு எங்கே விழுந்தது என்று காட்டாது. அதைத் தெரிந்துகொள்ள இன்றைக்கும் கையால் வட்டம் போடுகிறவர்களிடம்தான் போக வேண்டும். அந்த வகையில் பயணத்தை வடசேரியில் தொடங்குவது நல்லது. இங்கிருந்து மேற்கே தக்கலை, பத்மநாபபுரம், திருவிதாங்கோடு, தேங்காப்பட்டணம். கிழக்கே திரும்பினால் காயல்பட்டினம், அதற்கும் அப்பால் கீழக்கரை. தென்கோடியின் பழைய முஸ்லிம் ஊர்கள் பல இந்த வழியில் வந்துவிடும்.

வடசேரி நகையைப் பரதநாட்டியம் ஆடுகிறவர்கள் நன்றாக அறிவார்கள். ராக்கொடி, நெற்றிச்சுட்டி, சூரியப்பிரபை, சந்திரப்பிரபை, ஒட்டியாணம். வெள்ளியில் உரு, மேலே தங்கத் தகடு, நடுவில் சிவப்புக் கெம்பு. நாகர்கோவில் கோயில் நகை என்று புவிசார் குறியீடும் வாங்கியாயிற்று. நான் போன பட்டறையில் ஒரு பெரியவர் ராக்கொடிக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தார். கையில் கவராயம். தகட்டில் ஒரு வட்டம் கீறினார். பிறகு கவராயத்தை அகட்டாமல், ஒடுக்காமல், அதே அளவில் வட்டத்தின் விளிம்பிலேயே குத்திக் குத்திச் சுற்றி வந்தார். ஏழாவது குத்து முதல் குத்திலேயே வந்து விழுந்தது.

“ஆறு இதழுன்னா ஒண்ணும் யோசிக்கவே வேண்டாம், அண்ணாச்சி. வட்டமே ஆறு குடுத்துரும். அதைப் பாதியாக்குனா பன்னெண்டு. எட்டுன்னா குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டுக்கிடணும்.”

“ஏழு?”

“ஏழுன்னா கண்ணளவுல ஒப்பேத்த வேண்டியதுதான்.”

ஏழு பக்கம் சமமான உருவத்தைக் கவராயமும் அளவுகோலும் மட்டும் வைத்துத் துல்லியமாகப் போட முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பியக் கணிதக்காரர்கள் பக்கம் பக்கமாக நிறுவிய விஷயம் அது. பட்டறையில் அதற்கு நிரூபணம் கேட்பாரில்லை. ஏழு இதழ் செய்வதில்லை, அவ்வளவுதான். இஸ்லாமியக் கைவினைஞர்களும் இதே இடத்தில்தான் தொடங்குகிறார்கள். ஆறு, எட்டு, பன்னிரண்டு என்ற நட்சத்திரங்கள் மொரோக்கோவிலிருந்து தில்லி வரை கொட்டிக்கிடப்பதற்கும் ஏழு முனை நட்சத்திரம் அபூர்வமாக இருப்பதற்கும் காரணம் இந்தக் கவராயம்தான். மதத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆறு முனை நட்சத்திரம் தில்லியில் ஹுமாயூன் கல்லறையின் வளைவுகளுக்கு இருபுறமும் பதித்திருக்கிறது. அதுவே குமாரகோவிலில் முருகனுக்கு உரிய அறுகோணம். இரண்டு சதுரங்களைக் குறுக்காக வைத்த எட்டு முனை நட்சத்திரம் குர்ஆன் பிரதிகளின் பகுதிப் பிரிவைக் காட்டும் குறி. எங்கள் தெருவில் வெள்ளிக்கிழமை வாசலில் அது லட்சுமிக்கு. வடிவங்களுக்கு ஊர் உண்டு என்று சொல்லலாம். மதம் உண்டு என்று சொல்கிறவர் கவராயம் பிடித்தவராக இருக்க மாட்டார்.

பட்டறையிலிருந்து வீட்டு வாசலுக்கு வருகிறேன். இந்தப் பயணத்தில் நான் கண்ட முக்கியமான விஷயம் வாசலில்தான் இருந்தது. அதைச் சொல்ல முதலில் ஆக்ராவில் வேலை பார்த்த ஓர் ஆங்கிலேயரை அறிமுகப்படுத்த வேண்டும்.

எர்னஸ்ட் ஹான்பரி ஹான்கின் நுண்ணுயிரியல்காரர். கங்கை, யமுனைத் தண்ணீரில் காலராக் கிருமி சாகிறது என்று 1896இல் எழுதியவர். ஓய்வு நேரத்தில் முகலாயக் கட்டடங்களின் கோட்டுப் பின்னல்களை ஆராய்ந்தார். ஃபத்தேபூர் சிக்ரியில் ஹமாம் என்ற பழைய குளியல்கூடம் ஒன்றின் சுண்ணாம்புப் பூச்சில் மங்கலான கீறல்கள் அவர் கண்ணில் பட்டன. ஓவியத்துக்கு முன் கைவினைஞன் போட்டு, பிறகு மறைத்துவிட்ட கோடுகள். அவற்றைப் பிடித்துக்கொண்டு அவர் ஒரு முறையைக் கண்டெடுத்தார். 1925இல் இந்தியத் தொல்லியல் துறையே அதை நூலாக வெளியிட்டது.

முறை எளிது. சுவர் முழுக்கப் பல்கோணங்களை விளிம்போடு விளிம்பு சேர்த்துப் பரப்ப வேண்டும். அறுகோணமோ, எண்கோணமும் சதுரமுமோ, பன்னிரு கோணமும் முக்கோணமுமோ, எது வேண்டுமானாலும். ஒவ்வொரு விளிம்பின் நடுவிலும் பெருக்கல் குறி போல இரண்டு கோடுகளைச் சாய்த்துப் போட வேண்டும். அந்தக் கோடுகள் பக்கத்து விளிம்பிலிருந்து வரும் கோட்டை முட்டும் வரை நீள வேண்டும். பிறகு பல்கோணங்களை அழித்துவிட்டால் பன்னிரு கோணம் இருந்த இடத்தில் பன்னிரண்டு முனை நட்சத்திரம் நிற்கும். மற்றவை அதைச் சூழ்ந்துகொள்ளும். பார்க்கிறவனுக்குப் பல்கோணம் இருந்த தடமே தெரியாது. இது எப்படி வந்தது என்று வாயைப் பிளப்பான். அவன் வாயைப் பிளக்க வேண்டும் என்பதற்காகத்தான் அழிப்பது.

இப்போது எதிர்வீட்டு மைனி போடும் சிக்குக்கோலத்துக்கு வருவோம். நேர்ப்புள்ளி, ஐந்துக்கு ஐந்து. இழை புள்ளியைத் தொடுவதில்லை. வளைந்து சுற்றிப் போகிறது. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் இரண்டுக்கும் சரியாக நடுவில் இழைகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகின்றன. ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி ஒரு சதுரம் இருப்பதாக மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள். இழைகள் வெட்டிக்கொள்ளும் இடங்கள் எல்லாம் அந்தச் சதுரங்களின் விளிம்பு நடுக்கள். பெருக்கல் குறி அதேதான், சாய்வு நாற்பத்தைந்து பாகை. ஊடுபுள்ளி வைத்தால் சதுரம் அறுகோணமாகிறது, சங்கதி மாறுவதில்லை. ஹான்கின் சிக்ரியின் சுண்ணாம்பில் கண்டெடுத்த முறையை எங்கள் தெருவில் குனிந்த நிலையில், கவராயம் இல்லாமல், அரிசி மாவில் போடுகிறார்கள்.

ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. சிக்ரியில் அடித்தளத்தை அழித்துவிட்டார்கள். இங்கே புள்ளி அப்படியே நிற்கிறது. வித்தையை மறைக்கும் எண்ணமே கோலத்துக்குக் கிடையாது. தெருவில் போகிற பிள்ளை பார்த்துவிட்டு நாளை தன் வாசலில் போட்டுவிடலாம்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. பாரசீகக் கைவினைஞன் பல்கோணங்களை மாற்றி மாற்றிப் புதுமை செய்தான். கோலக்காரியிடம் இருப்பது ஒரே சதுரம். அவள் புதுமை செய்வது வேறிடத்தில்: எந்த நடுப்புள்ளியில் இழை குறுக்கே வெட்டிப் போக வேண்டும், எதில் முட்டித் திரும்ப வேண்டும் என்பதில். ஓர் இடத்தில் மைனி வெட்டாமல் திருப்பியதைப் பார்த்து ஏன் என்று கேட்டேன்.

“இங்க விட்டா இழை தனித்தனியா போயிரும்லா. ஒத்தை இழையில வந்து சேரணும்.”

அதில் கணக்கு இருக்கிறது. எந்த இடத்திலும் திருப்பாமல் எல்லா நடுவிலும் வெட்டிக்கொண்டே போனால், எத்தனை தனி இழைகள் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்: வரிசைக்கு உள்ள புள்ளிக்கும் வரிசைகளின் எண்ணிக்கைக்கும் மீப்பெரு பொது வகுத்தி எதுவோ அத்தனை. மூன்றுக்கு நான்கு வைத்தால் ஒரே இழை. நான்குக்கு ஆறு வைத்தால் இரண்டு. ஐந்துக்கு ஐந்து வைத்தால் ஐந்து. அதை ஒன்றாக்கக் குறைந்தது நான்கு இடத்திலாவது திருப்பியாக வேண்டும். சந்தேகம் இருப்பவர் பென்சில் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974இல் கோலத்தைக் கணினி இலக்கணமாக எழுதிக் காட்டினார்கள். உலகத்துக் கணிதக்காரர்கள் கோலத்தைத் திரும்பிப் பார்த்தது அதற்குப் பிறகுதான். ஸ்பெயினின் அல்ஹம்பரா அரண்மனையை ஓவியர் எஷர் 1922இல் போய்ப் பார்த்ததையும் 1936இல் மறுபடி போய் நகல் எடுத்ததையும் பலரும் சொல்கிறார்கள். தாம்பரத்தில் நடந்ததைச் சொல்வதில்லை.

தக்கலைப் பேருந்தில் ஏறினால் பார்வதிபுரம், சுங்கான்கடை, வில்லுக்குறி, புலியூர்க்குறிச்சி. வலப்பக்கம் வேளிமலை கூடவே வரும். தக்கலையில் இறங்கி இரண்டு கிலோமீட்டர் போனால் பத்மநாபபுரம். 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரம். 1956 நவம்பர் 1இல் கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது அரண்மனை மட்டும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் நின்றுவிட்டது. அதற்காக வருத்தப்படுகிறவர்கள் எங்கள் ஊரில் உண்டு. நன்றாகப் பராமரிக்கிறார்கள் என்பதால் நான் வருத்தப்படவில்லை.

இஸ்லாமிய வேலைப்பாடு என்று அங்கே எதுவும் கிடையாது. அப்படியும் அங்கே போகச் சொல்வேன், ஒப்பிட்டுப் பார்க்க. முகப்பு மண்டபமான பூமுகத்தில் நின்று தலையை நிமிர்த்தினால் மர விதானத்தில் தொண்ணூறு பூக்கள் செதுக்கியிருக்கும். ஒன்று போல இன்னொன்று இல்லை. ஒவ்வொன்றும் ஒரு கட்டத்துக்குள் தனியாக உட்கார்ந்திருக்கிறது. ஒரு தச்சன் தன் கைக்கு எத்தனை விதம் வரும் என்று காட்டிய இடம் அது. அல்ஹம்பராவின் சுவர் இதற்கு நேர் எதிர். அங்கே ஒரே அலகு, அதுவே திரும்பித் திரும்பி, சுவர் முடியும் வரை. சுவர் முடிவதால் மட்டுமே அது முடிகிறது. ஒரு தளத்தை இப்படித் திரும்பத் திரும்ப நிரப்புவதற்குப் பதினேழு வகைதான் உண்டு என்று ஃபெதரோவ் என்ற ரஷ்யர் 1891இல் நிறுவினார். அந்தப் பதினேழும் அல்ஹம்பராவில் இருக்கிறதா என்று கணிதக்காரர்கள் இன்றும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். பூமுகத்தில் அந்த வாதத்துக்கே இடமில்லை. அங்கே திரும்புதல் என்பது இல்லை. வேறு வேறாகச் செய்வது ஒரு பெருமை. ஒன்றையே வழுவாமல் செய்வது இன்னொரு பெருமை. சிக்குக்கோலம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: புள்ளி மாறாது, தினமும் கோலம் மாறும்.

மந்திரசாலையின் மர அழிகளுக்கும் வண்ண அபிரகத் தகடுகளுக்கும் முன்னால் கொஞ்சம் நிற்க வேண்டும். வெளிச்சம் உடைந்து உள்ளே வரும், காற்று வரும், வெயில் வராது. உள்ளிருப்பவர் வெளியே பார்க்கலாம், வெளியிலிருப்பவர் உள்ளே பார்க்க முடியாது. வடக்கே முகலாயர்கள் பளிங்கில் குடைந்த ஜாலியும் இதே வேலையைத்தான் செய்தது. ஜாலி என்றதும் அதை முஸ்லிம்கள் கொண்டுவந்தார்கள் என்று சொல்லும் வழிகாட்டிகள் பலர். பட்டடக்கல்லுக்குப் போய்ப் பார்க்கட்டும். எட்டாம் நூற்றாண்டுச் சாளுக்கியக் கோயில்களில் கல்லில் குடைந்த பலகணிகள் இருக்கின்றன. முகலாயர் செய்தது அதைக் கணக்கில் உயர்த்தியது. ஆக்ராவில் 1628இல் முடிந்த இத்திமாத்-உத்-தௌலா கல்லறையில் பத்து முனை நட்சத்திரங்கள் உண்டு. ஐந்தும் பத்தும் சாதாரணப் பரப்பில் ஒத்துவராத எண்கள்; ஐங்கோணத்தை மட்டும் வைத்துத் தரை பரப்பினால் இடுக்கு விழும். இடுக்கு விழாமல் அடைக்கப் பாரசீகத்தார் வைத்திருந்த உபாயத்தை 2007இல் பீட்டர் லூ, பால் ஸ்டைன்ஹார்ட் என்ற இரு இயற்பியலாளர்கள் விளக்கினார்கள்: பத்துகோணம், ஐங்கோணம், நீண்ட அறுகோணம், வில் முடிச்சு, சாய்சதுரம் என்று ஐந்து அச்சுகள், அவற்றைச் சேர்த்தால் போதும், கவராயமே வேண்டாம். இஸ்பஹானில் 1453ஆம் ஆண்டுத் தர்பே இமாம் கட்டடத்தில் அந்த அச்சுகள் கிட்டத்தட்டத் திரும்பவே திரும்பாத ஓர் ஒழுங்கில் விழுந்திருக்கின்றன. அத்தகைய ஒழுங்கைப் பென்ரோஸ் என்ற கணிதக்காரர் 1970களில் காகிதத்தில் கண்டுபிடித்ததற்கு ஐந்நூறு வருடம் முந்திய வேலை. அந்தக் கைவினைஞர்களுக்கு அதன் கணிதம் தெரிந்திருந்ததா என்பது வேறு கேள்வி. வடசேரிப் பெரியவருக்கு ஏழின் நிரூபணம் தெரியாது. ஏழைச் செய்யக் கூடாது என்பது தெரியும்.

தக்கலையில் பீர் முகமது அப்பாவின் தர்கா. தென்காசியில் பிறந்து இங்கே அடங்கிய ஞானி, தமிழில் பாடியவர். ஆண்டு விழாவில் அவருடைய ஞானப்புகழ்ச்சியை இரவு முழுக்க உட்கார்ந்து பாடுவார்கள். அங்கே கண்ணை விடக் காதுக்குத்தான் வேலை. ஊரில் அஞ்சுவண்ணம் என்ற பெயர் இன்னும் புழங்குகிறது. அது கடல் கடந்து வந்த வணிகர்களின் பழைய குழுவின் பெயர். கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில், கி.பி. 849இல், அஞ்சுவண்ணத்தாரும் மணிக்கிராமத்தாரும் வருகிறார்கள். கடைசித் தகட்டில் சாட்சிகள் தங்கள் தங்கள் எழுத்தில் கையெழுத்திட்டிருக்கிறார்கள்: பகலவி, எபிரேயம், கூஃபி அரபு. கோணம் கோணமாக, நேர்கோட்டில் நிற்கும் அந்தக் கூஃபி எழுத்துதான் பிற்காலத்தில் மத்திய ஆசியாவின் சுவர்களில் கட்டம் கட்டமாக ஓடாக அடுக்கப்பட்டது. நம் கடற்கரைக்கு அது எழுத்தாக வந்தது, ஓடாக வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதற்கு விடை சொல்லிவிடலாம். ஓடு அரசர்களின் காரியம். சூளை வேண்டும், சாயத்துக்குக் கோபால்ட் வேண்டும், தலைமுறை தலைமுறையாகச் சம்பளம் கொடுக்க ஒரு தர்பார் வேண்டும். மதுரையில் சுல்தான்கள் ஆண்டது 1335 தொடங்கி அரை நூற்றாண்டுக்கும் குறைவு. அதற்கு நெடுங்காலம் முன்பே இந்தக் கரைக்கு இஸ்லாம் வந்துவிட்டது, கொண்டுவந்தவர்கள் வியாபாரிகள். வியாபாரி கொத்தனாரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வருவதில்லை. வந்த ஊரில் யார் கல் அடிக்கிறார்களோ அவர்களிடம் வேலையைக் கொடுக்கிறான்.

திருவிதாங்கோட்டையும் தேங்காப்பட்டணத்தையும் அந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். மாலிக் தீனார் வழிவந்தவர்கள் கட்டிய பள்ளிகள் என்பது இரண்டு ஊர்களிலும் சொல்லப்படும் வரலாறு. குழித்துறையாறு கடலில் கலக்கும் தேங்காப்பட்டணம் எழுத்தாளர் தோப்பில் முஹம்மது மீரான் பிறந்த ஊர். இந்த ஊரின் பள்ளியையும் தெருவையும் வறட்டு அதிகாரத்தையும் அவர் அளவுக்கு யாரும் எழுதவில்லை. கட்டடக்கலை என்று பார்த்தால் இந்த ஊர்கள் எல்லைக்கோட்டில் இருக்கின்றன. இதற்கு மேற்கே கோழிக்கோடு வரை பள்ளிகள் மரத்தால் ஆனவை. மழைக்குச் சரிந்த ஓட்டுக்கூரை அடுக்குகள், தச்சர்களின் ராஜ்ஜியம். கிழக்கே மழை குறைந்த கரையில் பள்ளிகள் கல்லால் ஆனவை. தட்டைக் கூரை, சிற்பிகளின் ராஜ்ஜியம். குமிழ் மாடம் இரண்டு பக்கமும் பழைய வழக்கம் அல்ல.

திருச்செந்தூரிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் காயல்பட்டினம். மார்க்கோ போலோ காயல் என்று எழுதிய துறைமுகம் இந்தப் பகுதிதான். பெரிய குத்பா பள்ளி, சிறு குத்பா பள்ளி, இரட்டைக் குளத்துப் பள்ளி என்று பழைய பள்ளிகள் தெருவுக்குத் தெரு. லுஹர் தொழுகைக்குப் பிறகு கூட்டம் கலைந்ததும் மோதினாரிடம் அனுமதி கேட்டேன். “தாராளமா பாருங்க வாப்பா, ஹவுள்ல கால் கழுவிட்டு வாங்க” என்றார்.

உள்ளே போனவன் கோயில் மண்டபத்துக்குள் வந்துவிட்டோமோ என்று ஒரு நொடி தயங்கத்தான் வேண்டும். கல்தூண்கள், தூண்மேல் போதிகை, போதிகைமேல் உத்தரம், உத்தரத்துக்கு மேல் கற்பலகைக் கூரை. தூணின் அமைப்பும் நாம் அறிந்ததே: அடியில் சதுரம், நடுவில் எட்டுப்பட்டை, மறுபடி சதுரம். சுசீந்திரத்தில் அந்தச் சதுரத்துக்குள் ஓர் அனுமனோ, ஒரு பாவை விளக்குப் பெண்ணோ, ஒரு யாளியோ இருக்கும். பள்ளிவாசலுக்குள் உயிருருவம் ஆகாது. அப்படியானால் அந்தச் சதுரம் காலியாகக் கிடக்கும். சிற்பியின் உளிக்கு அது பொறுக்காது. அந்த இடத்தில் பூ வட்டம் வந்தது, பின்னல் வந்தது, கொடி வந்தது.

இந்த வேலையைச் செய்தவர்கள் யார் என்பதற்குக் கல்வெட்டுச் சான்று தேட வேண்டியதில்லை. போதிகையின் வளைவே கையெழுத்து. மெஹர்தாத் ஷுகூஹி என்ற ஆய்வாளர் தென்னிந்திய முஸ்லிம் கட்டடங்களை அளந்து வரைந்து 2003இல் ஒரு பெரிய நூலாகக் கொடுத்திருக்கிறார். அதற்கு முன் இவற்றைக் கோயிலின் நகல் என்று ஒரு வரியில் கடந்து போனவர்கள்தான் அதிகம். கும்மட்டமும் நீல ஓடும் இல்லாததை இஸ்லாமியக் கலை என்று ஒப்புக்கொள்ளப் புத்தகங்களுக்கு மனம் வரவில்லை.

நகல் என்ற சொல் எனக்கு ஒப்பவில்லை. வேலை கொடுத்தவன் ஒரே ஒரு விலக்குச் சொன்னான்: உருவம் வேண்டாம். வேலை செய்தவன் அதுவரை ஓரத்தில் வைத்திருந்ததை நடுவுக்குக் கொண்டுவந்தான். கோயில் தூணில் பூ வட்டம் எப்போதும் இருந்தது. தெய்வத்தின் காலடியில், விளிம்பில், கூரை மூலையில், யாரும் பார்க்காத இடத்தில். பள்ளியில் அதுவே முகம். சதுரத்தை எட்டுப்பட்டையாக்கத் தெரிந்த சிற்பிக்கு எட்டு முனை நட்சத்திரம் புதிய வித்தையாக இருந்திருக்காது. புதியது அதற்குக் கிடைத்த இடம். இஸ்பஹானிலிருந்து கோடுகள் வந்து நம் தூணில் ஒட்டிக்கொள்ளவில்லை. நம் கையில் இருந்த கோட்டுக்கு இஸ்லாம் இடம் கொடுத்தது. நான் பார்த்த வரையில் இந்தக் கரையில் நடந்தது இதுதான். கீழக்கரையில், வள்ளல் சீதக்காதி காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் பழைய ஜும்மா பள்ளியில், இதே கதை இன்னும் தடித்த எழுத்தில் இருக்கிறது. அங்கே போகிறவர் முகப்பு மண்டபத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல் தூண்களை ஒவ்வொன்றாகச் சுற்றி வர வேண்டும்.

இனி கசப்பான பகுதி. வழியில் நான் கண்ட பள்ளிகளில் எத்தனையோ புதியவை. புதுப்பித்தவை இன்னும் அதிகம். கான்கிரீட் கும்மட்டம், இரண்டு ராக்கெட் மினாரா, சுவர் முழுக்க குஜராத்தின் மோர்பியிலிருந்து லாரியில் வரும் பீங்கான் ஓடு. அந்த ஓட்டில் நட்சத்திரம் அச்சடித்திருக்கிறது. வளைகுடாவில் உழைத்து அனுப்பிய காசு. குறை சொல்லக் கூடாது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அடுத்த முறை ஏதாவது ஒரு ஓட்டுச் சுவரைப் பார்த்தால் மூலையைப் பாருங்கள். மரபு வேலையில் சட்டத்தின் நான்கு மூலையிலும் நட்சத்திரத்தின் சரியான கால் பங்கு விழும், விளிம்பில் சரிபாதி விழும். சுவரின் அளவை எடுத்துக்கொண்டு நடுவிலிருந்து கணக்குப் போட்டவனால்தான் அது முடியும். இப்போது ஓடு பதிக்கிறவர் கதவருகில் தொடங்கிப் போய்க்கொண்டே இருக்கிறார். மூலையில் மிஞ்சுவதைக் கட்டரால் நறுக்கிவிடுகிறார். ஒரு முனையும் அரை முனையுமாக நட்சத்திரம் அறுபட்டு நிற்கும். வாசலில் கோலம் போடுகிற எந்தப் பெண்ணும் அப்படி ஒரு விளிம்பை விட்டுவிட்டு எழுந்திருக்க மாட்டாள்.

கோயில்காரர்கள் சிரிக்க வேண்டாம். தூண்களைச் சுத்தம் செய்கிறோம் என்று மணல் வீச்சு இயந்திரம் வைத்துக் கல்வெட்டையும் பூவேலையையும் ஒருசேரத் தேய்த்த கதை நம் பக்கத்தில் நிறைய உண்டு. ஆணை போட்டுத் தடுக்க வேண்டி வந்தது.

பள்ளியை இடிக்கக் கூடாது என்று சொல்ல வெளியாளான எனக்கு உரிமை இல்லை. தொழுகைக்கு ஆள் பெருகுகிறது; இடம் வேண்டும். ஜமாஅத்தாரிடம் கேட்பது ஒன்றே ஒன்று. தீர்மானம் எழுதும் முன் ஒவ்வொரு தூணின் நான்கு முகத்தையும் பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பூ வட்டங்களின்மேல் நனைத்த காகிதம் ஒட்டி மைப்படி எடுத்து வையுங்கள். ஒரு ஏணி, காகிதக் கட்டு, மை, ஊரில் உள்ள கல்லூரிப் பிள்ளைகள் நாலைந்து பேர் போதும். கல்வெட்டுப் படியெடுக்கத் தெரிந்தவர்கள் தொல்லியல் துறையில் இருக்கிறார்கள். கேட்டால் சொல்லித் தருவார்கள். முடிந்தால் பழைய தூணில் நான்கையாவது புதிய ஹாலின் முகப்பில் நிறுத்துங்கள். புதிய சுவருக்கு ஓடுதான் என்று முடிவாகிவிட்டால், பதிக்கிறவரிடம் நடுவிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.